உபசாரத்துக்குச் சொன்னது

அந்தக் கட்டடத்தில் நம் பாஷை பேசுகிற வீடுகள் சில உண்டு. அவற்றில் ஒன்றிலாவது அவளுடைய சொந்தப் பெயரைக் கேட்டுப் பாருங்கள், விழிப்பார்கள். ஆஸ்பத்திரி லாண்ட்ரியில் வேலை, அதனால் லாண்ட்ரி அக்கா. அவளைவிட வயதில் மூத்தவர்களுக்கும் அக்காதான். புருஷன் லிப்ட் மெக்கானிக். நகரத்தில் எந்த லிப்ட் நடுவழியில் நின்றாலும் பையைத் தூக்கிக்கொண்டு ஓடுகிற மனிதர். வீட்டில் ஒரு பேச்சு நடுவழியில் நின்றால் மட்டும் எட்டிப் பார்க்க மாட்டார்.

ஊரைவிட்டு வெளிநாடு வந்த புதிதில் அவர்கள் இருந்தது ஒரு பெரிய அறையின் பாதி. மறுபாதியில் இன்னொரு குடும்பம். நடுவே ஒரு திரைச்சீலை. அந்தப் பக்கம் யாராவது இருமினால் இந்தப் பக்கம் தண்ணீர் எடுத்துக் கொடுக்கலாம், அவ்வளவு நெருக்கம். குளியலறைக்கு வரிசை. மகள் மாடிப்படியில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதுவாள். ஏறுகிறவர்களும் இறங்குகிறவர்களும் அவள் நோட்டைத் தாண்டிப் போவார்கள். ஒருநாள் யாரோ ஒருவனுடைய பூட்ஸ் தடம் அவள் வரைந்திருந்த பூமிப்பந்தின் மேல் பதிந்திருந்ததைப் பார்த்த அன்றுதான் அக்கா வேலைக்குப் போவதென்று முடிவு செய்தாள்.

லாண்ட்ரியில் இயந்திரத்திலிருந்து படுக்கை விரிப்புகள் கொதிக்கக் கொதிக்க வந்து விழும். ஒரு முனையை இவள் பிடிப்பாள், மறுமுனையை அந்த நாட்டுக்காரி ஒருத்தி. உதறி, மடித்து, இருவரும் நெருங்கி வந்து முனைகளைச் சேர்க்க வேண்டும். அக்கா அந்த நாட்டு மொழியைக் கற்றது இப்படித்தான், நெருங்கும்போது ஒரு வார்த்தை, விலகும்போது ஒரு வார்த்தையாக. வீட்டில் அவளைப் பற்றிப் பேசும்போதெல்லாம் 'மறுமுனைக்காரி' என்பாள்.

இரண்டு சம்பளம் வர ஆரம்பித்த பிறகுதான் இந்த வீடு கிடைத்தது. இரண்டு படுக்கையறை, ஒரு ஹால், கதவைச் சாத்தினால் சாத்திய மாதிரி இருக்கிற ஒரு குளியலறை. வாடகை ஒப்பந்தத்தில் மூன்றே பேர். நான்காவது ஆள் தங்கினால் வீட்டைக் காலி செய்ய வேண்டியதுதான். கீழ்த்தளத்துக் குடும்பத்துக்கு அப்படித்தான் நடந்தது. வீட்டு ஏஜென்ட் அம்மா சோதனைக்கு வந்தபோது விருந்தாளியைக் குளியலறையில் ஒளித்து வைத்திருந்தார்கள். அந்த அம்மாள் குழாய் ஒழுகுகிறதா என்று பார்க்கக் கதவைத் திறந்தாள். ஒழுகவில்லை, வாளியைக் கவிழ்த்துப் போட்டு ஓர் ஆள் உட்கார்ந்திருந்தான். மாத முடிவில் அவர்கள் சாமான்கள் நடைபாதையில் நின்றன.

இப்படிப்பட்ட வீட்டுக்குத்தான் குளிர்காலத் தொடக்கத்தில் மெக்கானிக்கின் சித்தப்பா மகன் வந்து சேர்ந்தான். "ரெண்டு நாள் அண்ணி. ஒரு ரூம் கிடைக்கிற வரைக்கும்" என்றான். புது நாட்டில் வந்து இறங்குகிற பிள்ளையை வீதியிலா விட முடியும்? அக்காவே புதுப் போர்வை எடுத்துக் கொடுத்தாள். பார்சல் கிடங்கில் வேலை கிடைத்தது, குளிர் கோட்டு வாங்கினான், பஸ் அட்டை வாங்கினான், ரூம் மட்டும் கிடைக்கவில்லை. ஹாலில் இருந்த சோபா அவன் உடம்பின் அளவுக்குக் குழிந்துபோயிற்று. மகள் அவனுக்கு சோபா சித்தப்பா என்று பெயர் வைத்தாள். அவன் கோபித்துக்கொள்ளவில்லை. கோபித்துக்கொண்டாலாவது கிளம்பியிருப்பான்.

கெட்டவன் என்று சொல்ல ஒன்றுமில்லை. அதுதான் தொல்லை. கேட்காமலே பாத்திரம் கழுவுவான், ஒட்டாத வாணலியைக் கம்பி நார் போட்டுத் தேய்த்து அதை ஒட்டுகிற வாணலியாக்கி வைப்பான். ஹீட்டரை உச்சத்தில் வைத்துவிட்டு, புழுங்குகிறது என்று ஜன்னலைத் திறந்துவிடுவான். காலையில் அலாரம் அடிக்கும். வீடு முழுக்க எழுந்திருக்கும், அவனைத் தவிர. இவர்கள் இத்தனை வருடமாக இருக்கிற நகரத்தைப் பற்றி இவர்களுக்கே பாடம் எடுப்பான்.

"அண்ணி, நீங்க அந்தப் பஸ்ல போறது சுத்து. நடுவுல இறங்கி ரயில் மாறினா சீக்கிரம் போயிடலாம்."

"நான் அந்தப் பஸ்ல உட்கார்ந்துதான் தம்பி தூங்கறேன். வேற எங்க தூங்க விடறீங்க?"

"அதுவும் சரிதான்" என்று சிரிப்பான். சாடை பேசினால் உறைக்கிற ஆளாக இருந்தால் பேசுகிற வாய்க்கும் ஒரு மரியாதை இருக்கும்.

ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கும் காலம் வந்தது. சனிக்கிழமை மத்தியானம் ஏஜென்ட் அம்மா வீட்டைப் பார்க்க வருவதாகச் சொல்லியனுப்பியிருந்தாள். அக்காவுக்கு அன்றிலிருந்து சோறு இறங்கவில்லை. கண்ணை மூடினால் அந்தத் திரைச்சீலைதான் வந்து தொங்கியது.

புருஷனைப் பிடித்துக்கொண்டாள். "உங்க தம்பிதானே. நீங்க சொல்லக்கூடாதா?"

"எப்படிச் சொல்றது? சித்தி என்ன நினைப்பாங்க?"

"ஏஜென்ட் என்ன நினைப்பாங்கன்னு யோசிச்சீங்களா?"

"பாக்கலாம், பாக்கலாம்" என்று அவர் சாக்ஸ் தேடப் போய்விட்டார். அவர் வாழ்க்கையில் பாக்கலாம் என்று சொல்லி எதையும் பார்த்ததாகச் சரித்திரம் இல்லை.

அந்த வாரம் புதன்கிழமை, எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, தெய்வமே இறங்கி வந்த மாதிரி சோபா சித்தப்பா தானாக வாயைத் திறந்தான்.

"அண்ணி, நான் வந்து ரொம்ப நாளாச்சு. உங்களுக்கும் சிரமம். வெள்ளிக்கிழமை வேற ரூமுக்குப் போயிடலாம்னு இருக்கேன்."

எத்தனை நாளாக அவள் காத்திருந்த வார்த்தை. "சரி தம்பி" என்று சொன்னால் போதும். உள்ளே மனசு அதைத்தான் சொன்னது. ஆனால் வெளியே வாய், அம்மாவிடமும் அத்தைமார்களிடமும் பழகிய வாய், தன்பாட்டில் ஓடியது.

"அதுக்குள்ள என்ன தம்பி அவசரம்? வெளியில இருக்கற குளிருக்கு இப்பப் போய் ரூம் மாறணுமா? நாங்க என்ன உங்களை வேண்டாம்னா சொன்னோம்? இருந்து மெதுவா போகலாம்."

மெக்கானிக் கையில் எடுத்த கவளத்தோடு அப்படியே இருந்தார். மகள் அம்மாவின் நெற்றியைத் தொட்டுப் பார்க்கலாமா என்பதுபோல் பார்த்தாள்.

சோபா சித்தப்பாவின் முகம் மலர்ந்தது. "நீங்க இவ்வளவு சொல்லும்போது நான் எப்படி அண்ணி மீறிப் போறது?"

அத்தோடு விட்டானா? அங்கேயே அம்மாவுக்குப் போன் போட்டு, ஸ்பீக்கரில் வைத்து, "போறேன்னு சொன்னேம்மா, அண்ணி விடமாட்டேங்கறாங்க" என்றான். அந்தப் பக்கம் அவன் அம்மா, அக்காவுக்குச் சின்ன அத்தை, மூக்கைச் சிந்துகிற சத்தம் கேட்டது. "உன்னை மாதிரி ஒரு மருமக எந்த வீட்டுக்கு வாய்க்கும் தாயி" என்றாள். அக்கா போனைப் பார்த்து, "அதெல்லாம் ஒண்ணுமில்ல அத்தை" என்றாள். தன் நாக்கைத் தானே பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது.

சமையலறையில் மகள் குசுகுசுத்தாள். "ஏம்மா அப்படிச் சொன்னே?"

"வாயில வந்துடுச்சுடி."

"இங்க யாராவது போறேன்னா, சரி போயிட்டு வாங்கன்னு சொல்லிக் கதவைத் திறந்து விடுவாங்க."

"நீ இங்க படிக்கிறவ, சொல்லுவே. போறேன்னு சொன்ன ஆளைப் போன்னு சொல்லி எனக்குப் பழக்கமில்ல. எங்க வீட்டுல அப்படிச் சொன்னா வாயிலயே ஒண்ணு போடுவாங்க."

மெக்கானிக் தண்ணீர் குடிக்க வந்தவர் சும்மா போயிருக்கலாம். "நானாவது பேசாம இருந்தேன்" என்றார். "நீ வெத்தலை பாக்கு வச்சு அழைச்சிட்ட."

"நீங்க முதல்லயே பேசியிருந்தா நான் எதுக்கு வாயைத் திறக்கப் போறேன்?"

"இப்ப நீ இருன்னு சொன்ன பிறகு நான் போன்னு சொன்னா நல்லாவா இருக்கும்?"

இருபது வருடத் தாம்பத்தியத்தில் அந்த மனிதர் கண்டுபிடித்த மிகச் சிறந்த நியாயம் அதுதான். அக்கா எரிச்சலில் கழுவி வைத்திருந்த டம்ளரையே மறுபடி கழுவினாள்.

மறுநாள், சனிக்கிழமை ஏஜென்ட் வருகிற விஷயத்தை அவனிடமே உடைத்துச் சொல்லிப் பார்த்தாள். அவனிடம் அதற்கும் வழி இருந்தது.

"கவலைப்படாதீங்க அண்ணி. அந்த நேரத்துக்கு நான் பூங்காவுல போய் உட்கார்ந்துக்கறேன். பெட்டியைக் கட்டிலுக்கு அடியில தள்ளிடலாம். பல்லு விளக்கற பிரஷ்ஷை மட்டும் ஞாபகமா எடுத்துக்கறேன்."

அவன் பிரஷ்வரைக்கும் யோசித்திருந்ததுதான் அவளை உலுக்கியது. கீழ்த்தளத்துக்காரர்களும் இப்படித்தான் எல்லாவற்றையும் யோசித்திருப்பார்கள். நடைபாதையில் நின்ற அவர்களுடைய மெத்தை, அதன்மேல் மழை, பக்கத்தில் புத்தகப் பையோடு நின்ற குழந்தை எல்லாம் கண்முன் வந்தன. அக்கா நாற்காலியை இழுத்துப் போட்டு அவன் எதிரில் உட்கார்ந்தாள்.

"தம்பி, நேத்து நான் இருங்கன்னு சொன்னது உபசாரத்துக்குச் சொன்னது. நீங்க போகணும். சனிக்கிழமைக்குள்ள போகணும்."

சொல்லிவிட்டுத் தரையைப் பார்த்தாள். அவன் தலையைச் சொறிந்தான்.

"நானும் உபசாரத்துக்குத்தான் அண்ணி சொன்னேன்."

"என்னது?"

"போறேன்னு. ரொம்ப நாளாச்சே, ஒரு வார்த்தை சொல்லலைன்னா நல்லாயிருக்காதேன்னு சொன்னேன். ரூமெல்லாம் பார்க்கவே இல்லை. நீங்க இருங்கன்னு சொல்லுவீங்கன்னு தெரியும்."

தலையில் அடித்துக்கொள்வதா சிரிப்பதா என்று அவளுக்குத் தெரியவில்லை. போகாதவன் போகிறேன் என்றான், போகச் சொல்ல வேண்டியவள் இரு என்றாள். இதில் ஸ்பீக்கரில் ஒரு அழுகை வேறு.

வெள்ளிக்கிழமை லாண்ட்ரியில் விரிப்பை மடித்துக்கொண்டே மறுமுனைக்காரியிடம் கதையைச் சொன்னாள். உபசாரம் என்பதை அந்த மொழியில் எப்படிச் சொல்வதென்று தெரியாமல், "மனசில் இல்லாததைச் சொன்னோம், இரண்டு பேரும்" என்றாள். மறுமுனைக்காரிக்கு ஒன்றும் விளங்கவில்லை.

"போகவேண்டும் என்றால் போ என்று சொல்லவேண்டியதுதானே?"

"சொல்லிவிட்டேன். போக இடமில்லை."

மறுமுனைக்காரி விரிப்பை உதறினாள். தன் மகன் கல்யாணமாகிப் போய்விட்டான் என்றும் அவன் அறை சும்மாதான் கிடக்கிறது என்றும் சொன்னாள். நெருங்கி வந்து முனைகளைச் சேர்க்கும்போது கேட்டாள்: புகை பிடிப்பானா? குறட்டை விடுவானா? வாடகை ஒழுங்காகக் கொடுப்பானா? எத்தனை மாதம் இருப்பான்? சுற்றி வளைக்காமல் கேட்டாள், சுற்றி வளைக்காமல் பதிலையும் எதிர்பார்த்தாள். குறட்டை விடுவான் என்று அக்கா ஒப்புக்கொண்டாள். கதவு கனமான கதவு, பரவாயில்லை என்றாள் அவள்.

சனிக்கிழமை காலை அக்காவே அவனை மறுமுனைக்காரி வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு கிளம்பினாள். புருஷனை நம்பினால் வழியில் எங்காவது லிப்ட் நின்றுவிடும். பஸ்ஸில் பெட்டி இருவருக்கும் நடுவே நின்றது. ரயில் மாறினால் சீக்கிரம் போகலாம் என்று இந்தத் தடவை அவன் சொல்லவில்லை. அவன் வாய் மூடியிருந்ததும் அவளுக்குப் பொறுக்கவில்லை.

"ஏதாவது பேசுங்க தம்பி."

"என்ன பேசறது அண்ணி? அந்த அம்மா சொல்றது எனக்குப் புரியுமா?"

"எனக்கு மட்டும் முதல்ல புரிஞ்சுதா?"

மறுமுனைக்காரியின் வீடு சின்னது, பளிச்சென்று இருந்தது. அறையைக் காட்டினாள். ஜன்னல், மேஜை, ஒழுங்கான கட்டில். சாவியைக் கையில் கொடுத்துவிட்டு, "டீ குடிக்கிறாயா?" என்று அவனைக் கேட்டாள்.

"வேண்டாம், வேண்டாம்" என்றான் அவன் கூச்சத்தோடு, புது வீட்டில் சொல்லவேண்டிய முறைப்படி.

மறுமுனைக்காரி கெட்டிலை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டுத் துணி உலர்த்தப் போய்விட்டாள்.

அவன் அந்தக் கெட்டிலைப் பார்த்தான், பிறகு அக்காவைப் பார்த்தான். காலையிலிருந்து அவன் எதுவும் குடிக்கவில்லை என்பது அவளுக்கு அப்போதுதான் உறைத்தது.

"இங்க ரெண்டாவது தடவை கேட்கமாட்டாங்க தம்பி. வேணும்னா வேணும்னு சொல்லணும். போங்க, போய்ச் சொல்லுங்க."

"எப்படி அண்ணி, இப்பதானே வேண்டாம்னேன்?"

"நான் இருன்னு சொல்லிட்டு மறுநாளே போன்னு சொல்லலையா? செத்தா போயிட்டேன்?"

அவன் போய்ச் சொன்னான். காதுமடல் சிவக்க, உடைந்த மொழியில். மறுமுனைக்காரி ஆச்சரியப்படவில்லை. வந்து கெட்டிலைப் போட்டாள்.

மத்தியானம் ஏஜென்ட் அம்மா வந்தாள். அலமாரிகளைத் திறந்தாள், கட்டிலுக்கு அடியில் குனிந்தாள், குளியலறைக் கதவைத் தள்ளினாள். "மூன்று பேர்தானே?" என்றாள். "மூன்று பேர்தான்" என்று அக்கா சொன்னாள். உண்மையைச் சொல்லும்போதும் கை ஏன் வேர்க்கிறது என்று அவளுக்கு அலுப்பாக இருந்தது. ஒப்பந்தம் புதுப்பிக்கப்பட்டது. மெக்கானிக், "நான்தான் சொன்னேனே, பாக்கலாம்னு" என்றார். அவள் அவரைப் பார்த்த பார்வையில் அவர் மாவு வாங்கி வருகிறேன் என்று கடைக்குப் போய்விட்டார்.

அவள் சோபாவில் காலை நீட்டினாள். எந்தப் பக்கம் சாய்ந்தாலும் அவன் குழித்து வைத்திருந்த பள்ளத்துக்கே உருட்டிவிட்டது. எழுந்து மறுகோடியில் ஒண்டி உட்காருவதற்குள் போன் அடித்தது. சின்ன அத்தை.

"என் பிள்ளைய வெளிய அனுப்பிட்டியாமே?"

'வேலை கிட்டத்தில் என்று அவரே ஆசைப்பட்டுப் போனார் அத்தை, நாங்கள் எவ்வளவோ சொன்னோம்' என்று அழகான ஒரு பதில் வாய்வரைக்கும் வந்து நின்றது. அக்கா அதை விழுங்கினாள்.

"ஆமா அத்தை. நான்தான் போகச் சொன்னேன். அவர் இங்க இருந்தா எங்களுக்கு வீடு போயிடும்."

அத்தை போனை வைத்துவிடுவாள் என்று அக்கா நினைத்தாள். வைக்கவில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டாள்.

"போன இடத்துல ஏதாவது குடிச்சானா?"

"டீ குடிச்சார் அத்தை. கேட்டு வாங்கிக் குடிச்சார்."

"கேட்டு வாங்கியா? என் பிள்ளையா?" என்றாள் சின்ன அத்தை. அவளால் நம்ப முடியவில்லை.