கொடிகாமத்தில் பிரிந்த சோடி

கோப்பாய்க் கூட்டுறவுச் சங்கக்கடையில் சாமான் நிறுக்கிற சுபாஜினி, நாற்பத்தாறு வயதில் சைக்கிளில் நாட்டைக் கடக்கப் புறப்பட்டதைக் கேட்டு ஊர் சிரித்தது. பருத்தித்துறையில் மிதித்தால் ஐந்தாம் நாள் தெற்கே தேவேந்திரமுனையில்தான் இறக்கம். சைக்கிள் கழகத்தார் இருபத்திரண்டு பேர். "இந்த வயதிலை உனக்கேன் உந்த விசர்?" என்று பக்கத்து வீட்டில் கேட்டார்கள். "பெடியன் ஆசைப்படுறான், துணைக்குப் போறன்" என்றாள். பொய். ஆசைப்பட்டவன் அவன் இல்லை.

கஜானன் அவளுடைய ஒரே பிள்ளை, பத்தொன்பது வயது. எட்டு மாதமாகப் போதைப்பொருளுக்கு அடிமை. உடம்பு வற்றத் தொடங்கியபோது 'செங்கமாரி' என்று சொல்லிவைத்தாள். அயலவர்கள் கீழ்க்காய்நெல்லி பிடுங்கிக் கொண்டுவந்து கொடுத்தார்கள். இல்லாத காமாலை வருத்தத்துக்கு அதை அரைத்து அவனைக் குடிக்கவும் வைத்தாள். பிறகு அவன் கிணற்று மோட்டரைக் கழற்றி விற்றான். 'திருத்தக் குடுத்திருக்கு' என்று சொல்லி மூன்று மாதமாக வாளியால் அள்ளுகிறாள். கட்டாரில் இருக்கிற புருஷனுக்கு 'பெடியன் படிக்கிறான்'. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்பார்கள். இவள் ஒரு தோட்டத்தையே மறைத்தாள். எங்கள் சனத்துக்குப் பிள்ளை கெட்டாலும் பேர் கெடக்கூடாது.

இந்தச் சைக்கிள் ஓட்டம்தான் அவளுடைய கடைசி நம்பிக்கை. ஐந்து நாளும் கண்ணுக்கு முன்னால் இருப்பான். தெற்கில் அந்தச் சாமான் கொடுக்கிற ஒருவனையும் அவனுக்குத் தெரியாது. உடம்பு களைத்தால் படுத்து நித்திரை கொள்வான். இதைக் கடந்துவிட்டால் பிள்ளை திரும்பக் கிடைப்பான் என்று நினைத்தாள். சரியோ பிழையோ, வேறு வழி அவளிடம் இல்லை.

கழகத்தின் சட்டம், சோடி சோடியாக ஓடவேண்டும். ஒருவருக்கு மற்றவர் பொறுப்பு. தாயும் பிள்ளையும் ஒரு சோடி. விடிய ஐந்தரைக்குப் புறப்பட்டபோது நன்றாகத்தான் ஓடினான். நெல்லியடி தாண்டியதும் மூக்கு ஒழுகியது, கொட்டாவி மேல் கொட்டாவி; உடம்பு அந்தச் சாமானைக் கேட்கத் தொடங்கிவிட்டது.

"ஏலாதம்மா."

"ஏலும் அப்பன். கொடிகாமம் மட்டும் ஓடு, தேத்தண்ணி குடிப்பம்."

வேர்வையில் சேட்டு முதுகோடு ஒட்டியிருந்தது. ஆனாலும் ஓடினான். வெட்டவெளியான ஓரிடத்தில் எதிர்க்காற்றுப் பிடித்தபோது, "என்ரை பின்னுக்கு வாங்கோம்மா, காத்துப் படாது" என்று முன்னுக்குப் போனான். அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. எட்டு மாதத்தில் அவளுக்காக அவன் செய்த முதற் காரியம் அது.

கொடிகாமத்தில் தேநீர் முடிந்ததும், ஓட்டத்துக்குப் பொறுப்பான நிருஷன் ஆட்களை மாற்றினான். நல்ல பிள்ளைதான். வெயில் ஏற முன்னம் எல்லாரையும் ஆனையிறவு தாண்ட வைக்கவேண்டுமே என்ற அந்தரமும் அவசரமும் அவனுக்கு.

"அக்கா, கஜானன் முன்னுக்கு எங்களோடை வரட்டும். நீங்கள் மகாதேவி ரீச்சரோடை ஆறுதலா வாங்கோ. பளையிலை நிண்டு சந்திப்பம்."

'அவனை என்ரை கண்ணிலை இருந்து எடுக்காதை தம்பி.' ஒரு வசனம்தான், நாக்கு நுனி வரை வந்தது. சொன்னால் ஏன் என்று கேட்பான். இருபது பேரும் திரும்பிப் பார்ப்பார்கள். பக்கத்தில் நிற்கிற மகாதேவி ரீச்சரோ கோப்பாயில் அரைவாசிப் பேருக்குப் படிப்பித்து, போன வருடம்தான் ஓய்வு பெற்றவர். சுபாஜினி சிரித்தாள். "ஓம் தம்பி, நல்லது" என்றாள். அந்தச் சிரிப்புக்கு அவளுக்கு நாலு போடலாம் போலிருக்கிறது. போட்டு என்ன?

பளைக்குப் பத்து மைல். ரீச்சர் முழங்கால் நோவைப் பற்றிக் கதைத்துக்கொண்டு வந்தார். சுபாஜினி 'ஓம், ஓம்' போட்டுக்கொண்டு, முன்னால் தூரத்தில் மகனுடைய நீலச் சேட்டைத் தேடினாள்.

பளையில் முன்னுக்கு வந்தவர்கள் வேப்பமரத்தடியில் இளநீர் குடித்துக்கொண்டிருந்தார்கள். நீலச் சேட்டு இல்லை.

நிருஷன் அவளுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தான். "எங்கையக்கா கஜானன்?"

"ஏன் தம்பி, என்ன நடந்தது?"

"முகமாலையிலை திரும்பிட்டான். 'அம்மா பின்னுக்குக் கஷ்டப்படுவா, போய்க் கூட்டிக்கொண்டு வாறன்' எண்டான். நாங்கள் கை தட்டியெல்லோ அனுப்பினனாங்கள். குடுத்து வைச்சனீங்கள் அக்கா."

கொடிகாமத்திலிருந்து பளைக்கு ஒரே வீதி. திரும்பியவன் எதிரே வந்திருக்க வேண்டும், வரவில்லை. அவளைத் தூரத்தில் கண்டதும் ஏதோ ஓர் இளம்பனை வடலிப் பற்றைக்குள் சைக்கிளை இறக்கியிருக்கிறான். பெற்றவள் மூச்சு வாங்கிக்கொண்டு தனக்கு முன்னால் கடந்து போவதை, சத்தம் காட்டாமல் உள்ளே நின்று பார்த்திருக்கிறான். அவள் மறைந்த பிறகு வெளியே வந்து யாழ்ப்பாணப் பக்கம் மிதித்திருக்கிறான். சுபாஜினிக்கு இது ஒரு நொடியில் விளங்கிவிட்டது. போன் எடுத்துப் பார்த்தாள்; அவன் நிறுத்தி வைத்திருந்தான்.

"நீங்கள் வழியிலை காணேல்லையோ?" என்றான் நிருஷன்.

"கண்டனான் தம்பி. காய்ச்சல் வாற மாதிரி இருந்தது. நான்தான் வீட்டை போகச் சொன்னனான்."

ரீச்சர் அவளைத் திரும்பிப் பார்த்தார். பிறகு இளநீரை வாங்கிக் குடித்தார்.

காய்ச்சல்காரனை வீட்டுக்கு அனுப்பிவிட்டேன் என்று சொன்னவள் இனி எந்தச் சாட்டில் அவனைத் தேடித் திரும்புவது? நிருஷன் விசில் ஊத, எல்லாரோடும் அவளும் தெற்கே மிதித்தாள். ஒவ்வொரு மிதிக்கும் பிள்ளை தூரமாகிக்கொண்டிருந்தான். அழவும் வழியில்லை, பக்கத்தில் ஆள்.

ஆனையிறவில் தண்ணீர் தெரியத் தொடங்கிய இடத்தில் ரீச்சர் பிறேக் பிடித்தார்.

"நாங்கள் வழியிலை ஒருதரையும் சந்திக்கேல்லையே பிள்ளை."

சுபாஜினி இறங்கி நின்றாள். "அவன் ஒளிச்சிட்டான் ரீச்சர். அவனுக்கு… அந்தப் பழக்கம்."

"தெரியும்" என்றார் ரீச்சர்.

"ஆர் சொன்னது?"

"ஊருக்கே தெரியும். நீ மூடி வைக்கிற ஒண்டை நாங்கள் வாய் விட்டுக் கேட்டால் உனக்கு அவமானமெண்டு பேசாமல் இருந்தம். கொடிகாமத்திலை நீ 'நல்லது' எண்டு சொல்லேக்கை, நானும் அதுக்காகத்தான் வாயை மூடிக்கொண்டு நிண்டனான்."

எட்டு மாதமாகச் சுபாஜினி யாரிடமிருந்து மறைத்தாள்? எதற்காக அந்த ஒரு வசனத்தை விழுங்கினாள்? எங்கே போய்த் தேடுவது என்று தெரியாமலே சைக்கிளை வந்த வழிக்குத் திருப்பினாள்.