கல்யாணப் படத்துக்கு ஒரு பெட்டி

எங்கள் வீட்டு சாமி அலமாரியில் ஒரு ஹார்ட் டிஸ்க் இருந்தது. மஞ்சள் துணியில் சுற்றி, குங்குமச் சிமிழுக்குப் பக்கத்தில் வைத்திருந்தாள் என் மனைவி. உள்ளே எங்கள் மகளின் கல்யாணப் படம். நோய்த்தொற்றால் எல்லை மூடிக் கிடந்த காலத்தில் நடந்த கல்யாணம் அது. எங்கள் ஊர் ஜொகூரில் மணவறை, பாலத்துக்கு அப்பால் சிங்கப்பூரில், வேலை செய்த இடத்திலேயே மாட்டிக்கொண்டு, கைப்பேசியோடு நான்.

"பெரிய டிவி வாங்கி, பொண்ணு, மாப்பிள்ள எல்லாம் ஒண்ணா உக்காந்துதான் பாக்கணும்" என்பது மனைவி போட்ட சட்டம். நல்ல காரியத்தைத் துண்டு துண்டாகப் பார்க்கக் கூடாதாம்.

பெரிய டிவி இந்த வருடம்தான் வந்தது. சிகாமட்டில் இருக்கும் மகளும் மருமகனும் ஞாயிற்றுக்கிழமை வருவதாகச் சொன்னார்கள். வெள்ளிக்கிழமை சாயங்காலம், ஓடுகிறதா என்று மட்டும் பார்க்கலாமென்று டிஸ்க்கை டிவியில் செருகினோம். நாதஸ்வரம் கேட்டது. திரை கறுப்பாகவே இருந்தது.

"விளக்குச் சூட்டுல போயிருச்சோ?" என்றாள் மனைவி. தினமும் காமாட்சி விளக்கு எரிகிற அலமாரி அது. படம் பிடித்தவர் கடையை மூடிவிட்டு எங்கேயோ போய்விட்டார். வேறு பிரதி கிடையாது.

டிவியில் ஓடாததை ஓட்ட ஏதாவது பெட்டி கிடைக்குமா என்று மறுநாள் காலையில் பக்கத்துத் தம்போய்க்குப் போனேன். வொர்க்‌ஷாப் வரிசையில் பழைய ஆபீஸ் கணினி விற்கும் கடை ஒன்று உண்டு. டிஸ்க்கைக் கொண்டுபோக மனைவி விடவில்லை. "நம்ம வீட்டு மணவறைய முதல்ல கண்டவங்களா பாக்குறது?" என்றாள். அதனால் ஓட்டிப் பார்க்க ஒரு பென்டிரைவில் ஏதோ சினிமாவைப் போட்டு எடுத்துக்கொண்டேன்.

கடைக்காரர் என்னைவிட இளையவர், வாய் ஓயாத மனிதர். உள்ளங்கை அளவு ஆண்ட்ராய்டு பெட்டி ஒன்றை எடுத்துக் கடை டிவியில் மாட்டினார். சினிமா தண்ணீர் மாதிரி ஓடியது. விலையும் கைக்கு அடக்கம். சந்தோஷமாக வாங்கி வந்தேன்.

வீட்டில் டிஸ்க்கைச் செருகினால் இந்த முறை படம் வந்தது. ஆனால் வந்த விதம்தான் பயமாக இருந்தது. ஐயர் கை தூக்கினால் கை அந்தரத்திலேயே நின்றது. மகளின் முகம் கட்டம் கட்டமாக உடைந்தது. மனைவி அதற்கு மேல் பார்க்கவில்லை. டிஸ்க்கைப் பிடுங்கி, மஞ்சள் துணியில் சுற்றி, என் கையிலேயே கொடுத்தாள்.

"கொண்டு போங்க. யாரு பாத்தாலும் பரவால்ல. இருக்கா இல்லையான்னு தெரிஞ்சா போதும்."

கடைக்காரர் தலையில் கை வைத்துக்கொண்டார். "அலமாக்! என்னண்ணே நீங்க? மாப்பிள்ளைக்குச் சட்ட தைக்க பக்கத்து வீட்டுக்காரன் அளவக் குடுத்த மாதிரி இருக்கு. எந்தப் படம் ஓடணுமோ அதத்தானே கொண்டு வரணும்?"

"படம் கெட்டுப் போச்சா தம்பி? அத மட்டும் சொல்லுங்க."

"இருங்க லா. கல்யாணப் படத்த இப்பல்லாம் ரொம்ப நெருக்கி மடிச்சு வெக்கிறாங்க. பிரிக்கிற பெட்டிக்குத் தெம்பு வேணும். உங்க டிவிக்குப் பிரிக்கவே தெரியல, சின்னப் பெட்டி மூச்சு வாங்குது, அவ்வளவுதான்னு நெனைக்கிறேன். விளம்பரத்துல வர்ற பெரிய பிளேயரெல்லாம் உங்களுக்கு வேணாம்."

ஏதோ ஆபீசில் ஓய்வு பெற்ற இரண்டு குட்டிக் கணினிகளை மேசையில் வைத்தார். அகராதி அளவுதான், பார்க்க இரட்டைப் பிள்ளைகள். முதலாவதைப் போட்டார். ஐயர் கை மறுபடியும் நின்றது. "இது கொஞ்சம் வயசான ஆளு" என்று சொல்லி, அதைவிட ஒரு தலைமுறை புதிய மற்றதில் மாட்டினார்.

ஐயர் கை இறங்கியது. அட்சதை விழுந்தது. ஒவ்வொரு மணியும் தனித்தனியாகத் தெரிந்தது.

கடைக்காரர் சத்தத்தைக் கூட்டிவிட்டார். கெட்டிமேளம் கேட்டு பக்கத்து வொர்க்‌ஷாப் மெக்கானிக் எண்ணெய்க் கையோடு வந்து நின்றார். மடிக்கணினி பழுதுபார்க்க வந்திருந்த மலாய் அம்மா ஒருவர் முக்காட்டைச் சரிசெய்துகொண்டு எழுந்தார். மாப்பிள்ளை தாலி கட்டினார். அடுத்து இருவரும் பெண்ணைப் பெற்றவர்கள் காலில் விழ வந்தார்கள். அங்கே என் மனைவி மட்டும் நின்றாள், நெஞ்சோடு கைப்பேசியை வெளிப்பக்கம் பார்க்கப் பிடித்தபடி. அதில் என் நெற்றியும் பாதிக் கண்ணும் உறைந்து கிடந்தன. அந்த நேரம் தொடர்பு அறுந்துவிட்டதென்று சிங்கப்பூரில் நான் கைப்பேசியைத் தட்டிக்கொண்டிருந்தேன். இங்கே பிள்ளைகள் அந்த அரை முகத்துக்கு விழுந்து கும்பிட்டிருக்கிறார்கள்.

"அண்ணே, அது நீங்களா?" என்றார் கடைக்காரர். தலையாட்டினேன். மெக்கானிக் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டார். உட்கார்ந்தேன்.

சின்னப் பெட்டியைத் திருப்பிக் கொடுத்து, மிச்சப் பணத்தைக் கட்டி, அந்தக் குட்டிக் கணினியை எடுத்துக்கொண்டேன். கடை வாசலில் நின்று மனைவியைக் கைப்பேசியில் அழைத்தேன்.

"இருக்கா?"

"இருக்கு. எல்லாம் இருக்கு."

"தனியாவா பாத்தீங்க?"

"இல்ல, நாலு பேரு இருந்தோம். ஒரு மலாய் அம்மாகூட இருந்தாங்க."

"அன்னிக்குத்தான் தனியா இருந்தீங்க. இன்னிக்கு ஆளுங்க இருந்தாங்கல்ல, அது போதும்" என்றாள். அதே மூச்சில், "டிவிக்கு நீட்டு வயரு வாங்கிட்டு வாங்க. புதுப் பெட்டி சாமி அலமாரியிலதான் இருக்கும், தரையில வெக்க விட மாட்டேன்" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் ஒன்றாக உட்கார்ந்து பார்த்தோம். மகள் அழுதாள், மனைவி அழுதாள், மருமகன்கூட மூக்கை உறிஞ்சினார். நான் மட்டும் பல் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தேன்.

"ஏம்பா சிரிக்கிறீங்க?" என்றாள் மகள்.

"படம் ஓடுதும்மா."