கழற்றி வைத்த சேலை கார்டு

கியர் இல்லாத ஸ்கூட்டர்தான் வேண்டும் என்றாள் என் மனைவி. "அதுல பெல்ட்டு உள்ளயே மூடிகினு இருக்குதுங்க. செயின் வண்டி பயமா இருக்குது."

"நடு ரோட்டுல பெல்ட்டு அறுந்தா யாரு மாட்டுவா? செயின்னா நானே மாட்டிக்குவேன்" என்று பைக்கையே வாங்கினேன். பட்டு நூல் மூட்டையைப் பக்கவாட்டில் கட்ட இடைஞ்சலாக இருந்ததால், சேலை கார்டையும் செயின் கவரையும் கழற்றி வைத்துவிட்டேன்.

படவேடு கோயிலுக்குப் போகும் வழியில் அவள் முந்தானை செயினில் சிக்கியது. இழுத்துப் பார்த்த கையும் சேர்ந்து உள்ளே போனது.

கழன்ற செயினை, சொன்னபடி நானே மாட்டினேன். அவளுடைய இரண்டு விரல்களை ஆஸ்பத்திரியில் யாராலும் சேர்க்க முடியவில்லை. தறியில் அறுந்த இழைகளை முடிச்சுப் போட்டுச் சேர்த்த விரல்கள் அவை.

இப்போது நான் முடிச்சுப் போடுகிறேன். "அங்க ஒண்ணு விட்டுட்டீங்க" என்று மற்றக் கையால் காட்டுகிறாள். அதற்குப் பிறகு பெல்ட்டைப் பற்றி அவள் ஒரு நாளும் பேசியதில்லை. பேசியிருந்தால் மன்னிப்பாவது கேட்டிருப்பேன்.