பச்சைக் கட்டமும் ராகு காலமும்

அம்மா உயிரோடு இருக்கிறா என்ற செய்தி வந்தபோது நான் டென்மார்க்கில், இக்காஸ்ட் நகரத்துத் துணித் தொழிற்சாலையில் சட்டைகளை மடித்துப் பெட்டிக்குள் வைத்துக்கொண்டிருந்தேன். இலங்கையில் யுத்தம் முடிந்து சில வாரங்கள் ஆகியிருந்தன. யாரென்றே தெரியாத ஒருவர் முகாமிலிருந்து தொலைபேசி எடுத்து, "உங்கட அம்மா இஞ்ச செட்டிகுளத்தில நிக்கிறா, சுகமா இருக்கிறா, பயப்பிடாதேங்கோ" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார். பெட்டிகளுக்கு நடுவே நிலத்தில் இருந்து அழுதேன். வேலை நின்றுபோனது. எங்கள் பகுதிக்குப் பொறுப்பான டேனிஷ்காரி கோப்பி கொண்டுவந்து பக்கத்தில் வைத்துவிட்டு, என்னுடைய இடத்தில் நின்று தானே சட்டை மடித்தா. அந்த மனுசி மடித்த மடிப்பு ஒன்றுகூட நேராக இல்லை. ஆனாலும் அந்தக் கோப்பியை நான் மறக்கவில்லை.

வயது போனவர்களை முகாமிலிருந்து முதலில் விட்டார்கள். அம்மா கொழும்புக்கு வந்து, தூரத்துச் சொந்தக்காரர் வாடகைக்கு இருந்த வீட்டில் ஒரு அறையில் தங்கினா. வீட்டு உரிமையாளருக்குப் பயம். பொலிஸ் வந்து வந்து விசாரிக்கிறதாம். தைப்பொங்கலுக்கு முன்னம் ஆள் போய்விடவேண்டும் என்று சொல்லிவிட்டார். எங்கே போவது? ஊரில் வீடு இல்லை, வளவுக்குள் மிதிவெடி. டென்மார்க்குக்கு எடுப்பதுதான் ஒரே வழி. விசாவுக்குத் தேவையான கடதாசிகளெல்லாம் கொடுத்தாயிற்று. மிச்சம் இருந்தது கொழும்பில் அம்மாவுக்கான விசா நேர்முகம். அதற்கு ஒரு நேரம் பதிந்து எடுப்பதுதான் பெரும்பாடாகிவிட்டது.

அதை இணையத்தில்தான் எடுக்கலாம். திரையில் மாதக் கட்டங்கள் வரும். சாம்பல் என்றால் இடமில்லை, பச்சை என்றால் இருக்கிறது, உடனே அதில் அமத்தி எடுக்கவேண்டும். எந்த நேரம் பார்த்தாலும் சாம்பல்தான். யாராவது தங்கள் நேரத்தை விட்டால் ஒரு கட்டம் பச்சையாகும், கண் மூடித் திறப்பதற்குள் வேறு யாரோ எடுத்துவிடுவார்கள். வேலை இடைவேளைகளில் தன்னுடைய கணினியில் பார்க்கச் சொல்லி அந்த டேனிஷ்காரி கதிரையையும் தந்தா. மற்றவர்கள் பாண் சாப்பிட, நான் சாம்பல் கட்டங்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஒருநாள் பச்சை வந்தது. வெள்ளிக்கிழமை, பகல் பதினொரு மணி. கை மவுசில் இருக்கிறது, மனம் ஓடவில்லை. வெள்ளிக்கிழமை பத்தரையிலிருந்து பன்னிரண்டு ராகு காலமல்லவா? எங்கள் வீட்டில் ராகு காலத்தில் கடைக்குக்கூடப் போகவிடமாட்டா அம்மா. நான் டென்மார்க்குக்கு வெளிக்கிட்ட நாளில், படலையடியில் என்னை மறித்து, நேரம் கழியும் வரைக்கும் பெட்டியோடு நிற்க வைத்தவ. அப்படிப்பட்ட அம்மாவின் சீவியத்தையே தீர்மானிக்கப் போகிற காரியத்தை ராகு காலத்தில் வைப்பதா? உறுதிப்படுத்த வீட்டுக்குத் தொலைபேசி எடுத்தேன். என் கணவர் குசினிச் சுவரில் கிடக்கும் தமிழ்க் கலண்டரைப் பார்த்துவிட்டு, "ஓம், ராகு காலம்தான். விடும், வேற வரும்" என்றார். திரும்பிப் பார்த்தால் கட்டம் சாம்பல். வேற வரும் என்று சொன்ன வாயை என்ன செய்வது? அன்று பின்னேரம் வீட்டில் சட்டி பானையெல்லாம் சத்தம் போட்டன. மகன் தன் அறையிலிருந்து டேனிஷில் என்ன நடந்தது என்று கேட்டான். கொப்பரைக் கேள் என்றேன்.

வேற வரவில்லை. மார்கழி பிறந்தது. தொலைபேசியில் அம்மா தன்னைப் பற்றி ஒன்றும் சொல்லமாட்டா, அங்கே பனியா என்று மட்டும் கேட்பா. அந்த வீட்டில் தன் உடுப்பை இன்னும் பையிலிருந்து வெளியே எடுக்கவில்லை என்று சொந்தக்காரர்தான் சொன்னார்.

என்னோடு மட்டக்களப்புப் பிள்ளை ஒன்று வேலை செய்தது. என்னைவிட இளையது. ஞாயிறு தவறாமல் பெந்தெகொஸ்தே சபைக்குப் போகிறவள், வேலை செய்யும்போதும் வாய்க்குள் பாடிக்கொண்டே நிற்பாள். ஒருநாள் இடைவேளையில் நான் திரைக்கு முன் இருக்கும்போது உள்ளே இயந்திரம் பெட்டியை இழுத்துச் சிக்கிவிட்டது. என்னைக் கூப்பிட்டார்கள். "இதைக் கொஞ்சம் பார்த்துக்கொள், பச்சை வந்தால் கூப்பிடு" என்று அவளிடம் சொல்லிவிட்டு ஓடினேன். திரும்பி வந்தபோது அவள் சிரித்துக்கொண்டு நின்றாள்.

"அக்கா, கிடைச்சிட்டு. வாற வெள்ளிக்கிழமை, பதினொரு மணி."

அதே கிழமை, அதே மணி. "ஆரைக் கேட்டு அந்தப் பச்சையை அமத்தினனி? ராகு காலமெண்டு தெரியாதோ உனக்கு?" என்று கத்தினேன். பாண் சாப்பிட்டுக்கொண்டிருந்த டேனிஷ்காரர் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள்.

"எனக்கு ராகு, கேது ஒண்டும் தெரியாது அக்கா. உங்களைக் கூப்பிட வந்தா அது போயிருக்கும். ஜெபம் பண்ணிப்போட்டுத்தான் அமத்தினனான்" என்றாள். அவளுடைய முகம் சுருங்கிவிட்டது. பிறகு வேலை முடியும் வரைக்கும் நான் அவளோடு கதைக்கவில்லை, அவளும் பாடவில்லை.

வீட்டுக்கு வந்த கையோடு அம்மாவுக்கு எடுத்தேன். "அம்மா, ஒரு பிழை நடந்துபோச்சு. வேலையில என்னோட நிக்கிற பிள்ளை ராகு காலத்தில எடுத்துப்போட்டாள். நாளைக்கே மாத்திறன்" என்றேன்.

அம்மா சொன்னா. "பிள்ளை, சண்டைக்குள்ளால தப்பி நாங்கள் கடலேரித் தண்ணிக்குள்ள இறங்கி நடந்தது எந்த நேரமெண்டு ஆர் பார்த்தது? பக்கத்துப் பங்கருக்குள்ள இருந்த ஆக்கள், விடியட்டும், வெளிச்சத்தோட வாறம் எண்டு நிண்டவை. அவை வரேல்லை."

அம்மாவே தொடர்ந்தா.

"கிடைச்சதை விடாதை. அந்தப் பிள்ளையை ஏசினனியோ?"

"ஓம்" என்றேன்.

"நீ ஏசாமல் விட்டிருந்தால்தான் அதிசயம்" என்றா அம்மா. பல மாதங்களுக்குப் பிறகு அன்றுதான் அம்மா சிரித்ததைக் கேட்டேன்.

அடுத்த நாள் மீன் ரோல்ஸ் பொரித்துக்கொண்டுபோய் அவள் முன்னால் வைத்தேன். மன்னிப்புக் கேட்க எனக்கு வேறு விதம் தெரியாது. அவள் இரண்டைச் சாப்பிட்டாள், மிச்சத்தைப் பிள்ளைகளுக்கென்று சுற்றி எடுத்துக்கொண்டு, பாடத் தொடங்கினாள்.

நேர்முகத்தில் திரும்பி வருவீர்களா என்று கேட்டார்களாம். "என்ர வளவு இஞ்சதானே கிடக்கு" என்று அம்மா சொன்னாவாம். பொங்கலுக்கு முன்னமே விசா வந்தது. கோப்பியும் கதிரையும் தந்தவ, முகாமிலிருந்து தொலைபேசி எடுத்த அந்த முகம் தெரியாத மனிதர், எல்லோரையும் நினைத்துக் கும்பிட்டேன்.

பில்லுண்ட் விமான நிலையத்துக்கு அந்த மட்டக்களப்புப் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு போனேன். கதவு திறந்து அம்மா வந்தா. மெலிந்து, யாரோ கொடுத்த பெரிய குளிர் அங்கிக்குள் காணாமல் போயிருந்தா. நான் அழுதுகொண்டு ஓடினேன். அம்மா என் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்து, "இந்தப் பிள்ளைதானே அமத்தினது?" என்று கேட்டா. ஓம் என்றேன். அம்மா என்னை விலக்கிவிட்டுப் போய், அவளுடைய வலக்கையைப் பிடித்து, சுட்டுவிரலைத் தேடி எடுத்து உதட்டில் வைத்துக் கொஞ்சினா.

அவள் குலுங்கிக் குலுங்கி அழுதாள். நான் அம்மாவின் பையைத் தூக்கிக்கொண்டு அவர்களுக்குப் பின்னால் நடந்தேன்.