ஆற்றங்கரைப் புல்லும் பதினொரு குஞ்சுகளும்

உதயகலாவைத் தேடி யாராவது காலை ஏழு மணிக்கு வீட்டுக்குப் போனால், அது போனவருடைய பிழை. அந்த நேரத்தில் அவள் மானிப்பாய்க்கு மேற்கே, வழுக்கையாற்றங்கரையில் சைக்கிளைச் சாத்திவிட்டுப் புல் வெட்டிக்கொண்டிருப்பாள் என்பது ஊருக்கே தெரியும். நாற்பத்தொன்பது வயது. ஒரு புருஷன், ஒரு சிவலைப் பசு. இரண்டு பேரில் யாருக்கு முதலில் சாப்பாடு வைக்கிறாள் என்று கேட்டால், புருஷனே சிரித்துக்கொண்டு மாட்டைக் காட்டுவார்.

இந்தப் பழக்கத்தை நம்பித்தான், பல்கலைக்கழகத்தில் பறவைகளைப் பற்றி ஆராயும் கிறிஸ்ரினா அவளிடம் குறிப்பெழுத ஒரு கொப்பியைக் கொடுத்தாள். பறக்கும்போது விசிலடிக்கும் வாத்தினமான காட்டுத்தாராக்கள் மாரியில் இந்த ஆற்றோரம் குஞ்சு பொரிக்கின்றன. எத்தனை குஞ்சு தப்புகிறது, எங்கே ஒதுங்கித் தப்புகிறது என்பதுதான் ஆராய்ச்சி. நாள்தோறும் ஆற்றடியில் நிற்கிறவளைவிட அதை யார் ஒழுங்காக எண்ணப்போகிறார்கள்? கொப்பியில் நாலு பகுதி பிரித்திருந்தது: நாள், எத்தனை, எங்கே, குறைந்தால் ஏன்.

ஜனவரி பிறந்த கையோடு, வயலோரத்து மொட்டைப்பனையின் பொந்திலிருந்து பதினொரு குஞ்சுகள் ஒவ்வொன்றாகக் கீழே குதித்தன. பஞ்சுருண்டை மாதிரி விழுந்து, எழும்பி, தாய் தகப்பனுக்குப் பின்னால் ஆற்றுக்கு நடந்தன. உதயகலா அன்றைக்குப் புல் வெட்டவே மறந்துபோனாள். சிவலைக்கு வைக்கோல்தான் கிடைத்தது.

பன்னிரண்டு நாளும் பதினொன்று குறையவில்லை. ஆற்றின் மற்ற இடங்களில் பாதிக் குஞ்சுகளைக் காகமும் நாயும் கொண்டுபோய்விட்டன என்று கிறிஸ்ரினா சொன்னபோது உதயகலாவுக்குத் தலைகால் புரியவில்லை. தானே அடைகாத்துப் பொரித்தது போல ஊரெல்லாம் சொல்லித் திரிந்தாள்.

பிறகு பட்டிப்பொங்கல் வந்தது. மாட்டைக் குளிப்பாட்டி, சந்தனமும் குங்குமமும் வைத்து, மாலை போட்டுப் பொங்கல் ஊட்டும் நாள். அன்றைக்குச் சிவலை ஊரில் வேறெந்த மாடும் தின்னாத புல்லைத் தின்னவேண்டும் என்பது உதயகலாவின் வருடாந்தப் பிடிவாதம். ஆற்றங்கரையில் இடுப்பளவுக்கு நின்ற இளம்புல்லை முதல்நாள் பின்னேரமே ஒட்ட வெட்டி, இரண்டு கட்டாகக் கட்டிக்கொண்டு போனாள். தாராவுக்கு வீடு தண்ணீர், மாட்டுக்குச் சாப்பாடு புல். அதற்குமேல் அவள் யோசிக்கவில்லை.

மூன்றாம் நாள் காலை குஞ்சுகள் ஆறுதான் நின்றன. வழித்துவிட்டது போலக் கிடந்த கரைக்கு மேலே செம்பருந்து வட்டமிட்டது. உதயகலா கொப்பியைத் திறந்தாள். ‘எங்கே’ என்ற இடத்தில் பன்னிரண்டு நாளும் அவளுடைய கையெழுத்திலேயே கிடந்தது: புல்லுக்குள்ளை, புல்லுக்குள்ளை, புல்லுக்குள்ளை. எழுதிய கைக்குத் தெரிந்தது மண்டைக்கு ஏறவில்லை. கரையில் குந்தியிருந்து அழுதாள். ‘குறைந்தால் ஏன்’ என்ற இடத்தை வெறுமையாக விட்டு மூடிவிட்டாள்.

மிஞ்சிய ஆறையும் தாய் தகப்பன் பக்கத்திலிருந்த நெல்வயலுக்குள் கொண்டுபோயின. இனி ஒதுங்க இருந்தது அது ஒன்றுதான். அது சோமசேகரத்தாரின் வயல். கதிர் முற்றி, அறுவடை மெசினுக்கு நாளும் குறித்தாயிற்று. மெசின் ஓரத்தைச் சுற்றி வெட்டி வெட்டி நடுவுக்குப் போவதுதான் வழக்கம். உள்ளே நிற்கும் முயலும் எலியும் ஒதுங்கி ஒதுங்கி நடுவில் அகப்பட்டுக் கடைசி வெட்டில் சாவதை அவள் பார்த்திருக்கிறாள். பறக்கத் தெரியாத குஞ்சுகளுக்கும் அந்தக் கதிதான்.

சோமசேகரத்தாருக்குக் காட்டுத்தாராவைக் கண்ணில் காட்டக்கூடாது. விதைநெல்லைப் பொறுக்குகின்றன என்று ஐப்பசியில் வயலெங்கும் பழைய கசெற் நாடா கட்டியவர். ரோட்டுப் பக்கம் தொடங்கி, குஞ்சுகள் ஆற்றில் இறங்கித் தப்பட்டும் என்று ஆற்றுப்பக்கத்தைக் கடைசியாக வெட்டச்சொல்லி அவரிடமே போய்க் கேட்டாள். மெசினை ஒவ்வொரு தரமும் திருப்பினால் நேரம் போகும், அடுத்த வயல்காரர் காத்துக்கொண்டு நிற்கிறார் என்றார். தாராவுக்கு வக்காலத்து வாங்க அவளுக்கு என்ன வந்தது என்றும் கேட்டார்.

“சோமண்ணை, உந்தக் கரைப்புல்லை ஒட்ட வெட்டினது நான்தான். அஞ்சு குஞ்சு என்னாலை போச்சு. இந்த ஆறையும் போகவிடாதேங்கோ.”

அவர் கரையைத் திரும்பிப் பார்த்தார். அவருடைய வரம்புப் புல்லையும் இருபது வருடமாக அவள்தான் வெட்டுகிறாள். ஒருநாளாவது அவள் கத்தி நெற்பயிரில் பட்டதில்லை. மெசின்காரன் ஓமென்றால் தனக்கென்ன என்று முணுமுணுத்தார்.

மெசின்காரன் கஜீவன் ஓமென்றான். ஆற்றுப்பக்கம் ஈரம், அது கடைசியாகக் காய்ந்து வெட்டுப்படுவது தனக்கும் நல்லதுதான் என்றான். ஆற்றங்கரையில் ஆள் நின்றால் தாரா வெளியே வராது. அதனால் உதயகலா மெசினுக்குப் பின்னால், ரோட்டுப் பக்கமே நின்றாள். அங்கிருந்து தூசியைத் தவிர ஒன்றும் தெரியவில்லை. மேலே இருக்கிற கஜீவன்தான் பார்த்துச் சொல்லவேண்டும்.

கடைசி வரிசை மிஞ்சியபோது அவன் மெசினை நிறுத்தி, இருக்கையில் எழும்பி நின்றான். ஆற்றைப் பார்த்தபடியே வலக்கையைத் தூக்கி விரல்களை ஒவ்வொன்றாக விரித்தான். ஒன்று, இரண்டு, மூன்று, நாலு, ஐந்து. கை அப்படியே நின்றது. உதயகலா குதிக்காலை உயர்த்தி எட்டிப் பார்த்தாள். சோமசேகரத்தாரும், தாராவுக்கும் தனக்கும் ஒரு தொடர்பும் இல்லாதவர் போல முகத்தை வைத்துக்கொண்டு, எட்டி எட்டிப் பார்த்தார். கனநேரம் கழித்து இடக்கையின் பெருவிரல் மேலே எழுந்தது.

அன்று பின்னேரம் ‘எத்தனை’ என்ற இடத்தில் ஆறு என்றும், ‘எங்கே’ என்ற இடத்தில் அக்கரைப் புல்லுக்குள்ளை என்றும் எழுதினாள். பிறகு பழைய பக்கத்துக்குத் திரும்பி, வெறுமையாகக் கிடந்த இடத்தை நிரப்பினாள்: ‘பொங்கலுக்கு நான் புல்லு வெட்டினனான். உதயகலா.’

சனிக்கிழமை கிறிஸ்ரினா வந்து அதை இரண்டு தரம் வாசித்தாள். ஆற்றோரம் மற்ற ஆட்களிடம் கொடுத்த எல்லாக் கொப்பியிலும் காகம், நாய், பருந்து என்றுதான் இருக்கிறது, பெயரை வேண்டுமென்றால் அழித்துவிடலாம் என்றாள்.

“வேண்டாம் பிள்ளை, கிடக்கட்டும். நடந்ததுதானே.”

மாசி முடிய ஒரு பின்னேரம், மாட்டுக்குத் தண்ணீர் வைக்கும்போது தலைக்குமேல் விசில் கேட்டது. அண்ணாந்து எண்ணினாள். எட்டு: தாய், தகப்பன், ஆறு பிள்ளைகள். சந்தோஷத்தில் வாளியைச் சரித்துக் காலெல்லாம் நனைத்துக்கொண்டாள்.

அது போன வருடம். இந்த வருடப் பட்டிப்பொங்கலுக்குச் சிவலைக்கு அகத்திக்குழையும் வாழைப்பழமும்தான். அது அவளை ஒரு பார்வை பார்த்துவிட்டுத் தின்றது. கரைப்புல்லில் யாராவது கத்தி வைக்கப்போனால் முதலில் சத்தம் போடுகிறவர் சோமசேகரத்தார். புல் இடுப்பளவுக்கு நிற்கிறது. அதற்குள்ளே இந்த முறை ஒன்பது குஞ்சு.