ஓட்டை இல்லாத கேபினெட்

எங்கள் வீட்டுக்குக் கம்ப்யூட்டரின் உள்ளுறுப்புகள் முதலில் வந்தன. அவற்றை மாட்டி மூடும் கேபினெட் பெட்டி கடைசியாகத்தான் வந்தது. ஊரில் ஒரு பிரவுசிங் சென்டரை மூடியபோது உள்ளே இருந்ததையெல்லாம் உதிரியாக விற்றார்கள். அக்கா போய் மதர்போர்டு, கிராபிக்ஸ் கார்டு என்று ஒவ்வொன்றாகப் பொறுக்கி, அட்டைப்பெட்டியில் போட்டுக் கொண்டுவந்தாள். கோவில்பட்டியில் கம்ப்யூட்டர் சொல்லிக்கொடுக்கும் இடம் ஒன்றில் அவள் டீச்சர். மத்தியானம் பிள்ளைகள் சாப்பிடப் போகும் நேரத்தில் கார் பந்தயம் ஓட்டிப் பழகி, அதில் பைத்தியமாகியிருந்தாள். நான் பாலிடெக்னிக் முடித்துவிட்டு வீட்டில் தண்டச்சோறு.

மேஜையில் பழைய பேப்பரை விரித்து எல்லாவற்றையும் பரப்பி வைத்தோம். மதர்போர்டில் நீட்டிக்கொண்டிருக்கும் இரண்டு கம்பிகளை ஸ்க்ரூடிரைவர் முனையால் சேர்த்துத் தொட்டால் ஓடத் தொடங்கும். அதைப் பார்த்ததிலிருந்து அம்மா அந்த அறைக்குள் ரப்பர் செருப்புப் போட்டுக்கொண்டுதான் வருவாள்.

அக்காவுக்கு ஆவணியில் கல்யாணம் என்று முடிவாகியிருந்தது. மாப்பிள்ளைக்கு சூரத்தில் வேலை. “நான் போறதுக்குள்ள இந்த ஆட்டத்த முடிச்சிரணும்லே” என்றாள் அக்கா. ஒரு பந்தயத்தில் ஜெயித்தால்தான் அடுத்தது திறக்கும். ஒன்றை அவள் ஓட்டுவாள், அடுத்ததை நான் ஓட்டுவேன் என்று பேச்சு. எனக்கும் அதைத் தவிர வேறு நினைப்பில்லை. அவள் போன பிறகு பக்கத்து நாற்காலி சும்மாதான் கிடக்கும்.

ஆனி முடியப் போகிறது. எங்கள் வீட்டுக்குப் பின்னால் கரிசல் காடு. ஆடிக் காற்று எடுத்தால் மூடி வைத்த சோற்றுக்குள்ளும் மண் நறநறக்கும். அதற்குள் பெட்டி வாங்கியாக வேண்டும்.

சீர்ப் பாத்திரம் வாங்கப் பஜாருக்குப் போன அன்றே கம்ப்யூட்டர் கடைக்கும் போனோம். ஓர் அண்டாவையும் ஆட்டோக்காரரையும் தெருவில் நிறுத்திவிட்டு, மாடிப்படி ஏறி அம்மாவும் கூடவே வந்துவிட்டாள். விலை மலிந்த கேபினெட்டாக மூன்றை எடுத்து வைத்தார் கடைக்காரர்.

முதலாவது நீல விளக்கும் கண்ணாடிக் கதவுமாகச் சப்பரம் மாதிரி இருந்தது. முன்னாலும் மேலேயும் பூராவும் ஓட்டை. இரண்டாவதின் தகட்டைக் கட்டை விரலால் அமுக்கினால் உள்ளே போய்த் திரும்பி வந்தது. மூன்றாவது கறுப்பு, நல்ல கனம், பின்பக்கம் தவிர எங்கும் ஓட்டை இல்லை. அக்கா மூன்றையும் திறந்து, உள் விளிம்பை விரலால் தடவிப் பார்த்தாள். மலிவான தகடு கையைக் கிழிக்கும். கிராபிக்ஸ் கார்டு கொள்ளுமா என்று சாண் போட்டு அளந்தாள். அம்மா தன் வழியில் பரீட்சை செய்தாள். விரலை மடக்கித் தட்டினாள், தூக்கிப் பார்த்தாள், கவிழ்த்து அடிப்பாகம் பார்த்தாள். சற்று முன்பு அண்டாவுக்கும் அதையேதான் செய்திருந்தாள்.

“எதுக்கு தம்பி இதுல இம்புட்டு ஓட்ட?” என்று முதலாவதைக் காட்டிக் கேட்டாள்.

“காத்துப் போறதுக்குத்தாம்மா.”

“காத்து போனா தூசியும்லா போவும்?”

கடைக்காரரும் இந்த மண்ணில் பிறந்தவர்தானே, முதலாவதை ஓரமாகத் தள்ளி வைத்தார். அக்கா என்னைப் பார்த்தாள், நான் அக்காவைப் பார்த்தேன். அம்மா சொல்வது ஞாயமாகத்தான் பட்டது. கறுப்புப் பெட்டி அண்டாவுக்குள் உட்கார்ந்து எங்களோடு வீட்டுக்கு வந்தது.

மாட்டி முடித்து அன்றே ஓட்டினோம். பாதிப் பந்தயத்தில் திரை அணைந்தது. கரண்டு போய்விட்டதோ என்று பார்த்தால் தலைக்கு மேல் ஃபேன் சுற்றுகிறது. மறுபடி போட்டோம், மறுபடி அணைந்தது. பழைய சாமான் வாங்கினால் இப்படித்தான் என்று தலையில் அடித்துக்கொண்டேன். அக்கா ஒவ்வொன்றாகக் கழற்றித் துடைத்து மாட்டினாள். பல நாள் வீணாகப் போயிற்று. கடைசியில் ஒருநாள் கேபினெட்டின் மேல் கை வைத்தவள் வெடுக்கென்று எடுத்தாள். இட்லிக் கொப்பரை மூடி மாதிரிச் சுட்டது. மேஜையில் திறந்து கிடந்தவரை அது ஒருநாளும் அணைந்ததில்லை என்பது அப்போதுதான் எங்களுக்கு உறைத்தது.

“நானும் டீச்சருன்னு சொல்லிக்கிட்டுத் திரியுதேன்” என்று அக்கா சிரித்தாள்.

பக்கக் கதவைக் கழற்றினோம். சூடு தணிந்தது, ஆனால் ஆடி பிறந்துவிட்டது. சாயங்காலத்துக்குள் மதர்போர்டின் மேல் கரிசல் படிந்தது. மூடினால் வேகும், திறந்தால் மண். மொட்டை மாடியில் அம்மா எலுமிச்சங்காய் ஊறுகாய் ஜாடிக்கு வாயில் துணி கட்டிக்கொண்டிருந்தாள். அக்கா புலம்புவதைக் கேட்டுவிட்டு, திரும்பிக்கூடப் பார்க்காமல் சொன்னாள்: “அதுக்கும் ஒரு வேடு கட்டிற வேண்டியதுதானட்டி. வெயில் படணும், காத்துப் போவணும், மண்ணு விழக்கூடாதுன்னுதான இதுக்கே கெட்டுதோம்.”

“பிள்ளயக் கிள்ளுததும் நீதான், தொட்டில ஆட்டுததும் நீதான்” என்றாள் அக்கா.

அப்பாவின் நைந்த வேட்டியைக் கிழித்துக் கதவு இருந்த இடத்தில் இழுத்துக் கட்டி, எதிரே டேபிள் ஃபேனை வைத்தோம். அதன் பிறகு அது அணையவே இல்லை. துணி கறுத்ததும் அம்மாவே அவிழ்த்து அலசிப் போடுவாள். அந்த ஆடி மாதம் போல ஒரு மாதம் எனக்குப் பிறகு வாய்க்கவில்லை. வெளியே காற்று ஓலமிடும். உள்ளே அக்கா உதட்டைக் கடித்துக்கொண்டு வளைவில் கார் திரும்பும் பக்கமே தானும் சாய்வாள்.

கல்யாணத்துக்கு ஆட்கள் வந்து இறங்கியபோது ஒரே ஒரு பந்தயம் பாக்கி. அது அவள் முறை. அந்த அறையில் வாழைத்தாரும் அரிசி மூட்டையும் ஏறிவிட்டன. பந்தயம் அப்படியே நின்றது.

கல்யாணம் முடிந்து அக்காவும் அத்தானும் மறுவீட்டுக்கு வந்தார்கள். அத்தான் நல்ல மனிதர். கேபினெட்டுக்கு வேட்டி கட்டியிருப்பதைப் பார்த்து விழுந்து விழுந்து சிரித்துவிட்டு, விருந்துச் சாப்பாடு முடிந்ததும் படுத்தார். பட்டுச் சேலையோடு அக்கா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

“ஒன் மொறைதாங்க்கா” என்று நகர்ந்து இடம் விட்டேன்.

“வளையலும் அதுவும் இடிக்கும். நீ ஓட்டுலே, நான் பாக்குதேன்.”

ஓட்டினேன். முதல் சுற்றில் “பிரேக்கு, பிரேக்கு” என்று என் தோளைப் பிடித்து உலுக்கினாள். அடுத்த சுற்றில் அம்மாவின் குரல் வந்தது. “ஏட்டி, அவிய எந்திச்சிட்டாவ. காப்பி கொண்டு குடு.” தோளிலிருந்து கை போய்விட்டது.

கடைசி வளைவு தாண்டியபோது என் கார்தான் முன்னால். எல்லைக்கோடு கண்ணுக்குத் தெரிந்தது. இதை நான் முடித்துவிட்டால் அவளுக்கு இந்த அறையில் பாக்கி ஒன்றும் இருக்காது என்று தோன்றியது. காரை நிறுத்தினேன். பின்னால் வந்த கார்கள் ஒவ்வொன்றாக என்னைத் தாண்டிப் போவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அக்கா கையை முந்தானையில் துடைத்துக்கொண்டே வந்து எட்டிப் பார்த்தாள்.

“ஜெயிச்சியாலே?”

“இல்லக்கா, தோத்துட்டேன்.”

“சரி, கெடக்கு விடு. தலத் தீவாளிக்கு வருவேம்லா, அப்ப நான் ஓட்டுதேன்” என்றாள்.