முரியலின் வியாழக்கிழமை

பொதுமக்கள் சுற்றிப்பார்க்கத் திறந்துவிட்ட வென்தார்ப் மாளிகையின் இசையறைக்குள் யார் நுழைந்தாலும் முரியல் ஏப்ளின் முதலில் கேட்பது, "எந்த ரோடு பிடிச்சு வந்தீங்க?" எட்டு வயதிலிருந்து இதைக் கவனித்திருக்கிறேன். மாளிகையின் இருநூற்றைம்பது வருடக் கதை, கூரையின் பூவேலை எல்லாம் அப்புறம்தான். ரோட்டைப் பற்றிக் கேட்டால் ஆட்கள் இரண்டு நிமிடம் கூடுதலாக நிற்பார்கள். அது எனக்குப் புரியப் பத்து வருடம் ஆனது.

என் அம்மா கிளெனிஸ் அங்கே துப்புரவு வேலை பார்த்தாள். பள்ளி விடுமுறையில் என்னையும் கூட்டிப்போவாள். முரியல் சம்பளம் வாங்காத தொண்டர். வியாழன்தோறும் அந்த அறைக்குக் காவல். கணவர், பிள்ளைகள் யாரும் இல்லை. மற்ற ஆறு நாளும் பேச ஆள் கிடையாது.

பழைய நாற்காலிகளில் யாரும் உட்காராமலிருக்க, ஒவ்வொன்றின் மேலும் காய்ந்த முள்பூ ஒன்றை வைப்பது அங்கே வழக்கம். போன அக்டோபரின் கடைசி வியாழன், குளிர்காலத்துக்குக் கதவு சாத்தும் நாள். மழையில் ஒருவரும் வரவில்லை. முரியல் ஒரு பூவை நகர்த்திவிட்டு உட்கார்ந்தார். எழும்போது இருக்கையின் பட்டு கிழிந்தது. பூவை அதே இடத்தில் வைத்துவிட்டு வீட்டுக்குப் போய்விட்டார். வாசலில் நின்ற அம்மா எல்லாவற்றையும் பார்த்திருக்கிறாள்.

மறுநாள் மேலாளர், அம்மாவின் தூசி உறிஞ்சும் குழாய் இடித்துத்தான் இருக்கை கிழிந்தது என்று முடிவுகட்டினார். அடுத்த பருவத்துக்கு அம்மாவுக்கு வேலை இல்லை என்றார்.

அந்தக் கோடையில்தான் நான் பட்டம் வாங்கியிருந்தேன், எங்கள் குடும்பத்தில் முதல் ஆளாக. மேலாளரிடம் உண்மையைச் சொல்லப்போகிறேன் என்று குதித்தேன்.

"உக்காருடி," என்றாள் அம்மா. "எனக்கு எங்கயாவது ஒரு துடைப்பம் கிடைக்கும். அவங்கள வராதீங்கன்னு சொல்லிட்டா எங்க போவாங்க?"

"அதுக்காக நீ திருடி மாதிரி வெளிய போகணுமா?"

"படிச்ச புள்ள, டீ ஆறுது. குடி."

கிறிஸ்துமஸுக்கு முன் முரியல் எங்கள் வீட்டுக்கு வந்தார். கோட்டைக்கூடக் கழற்றவில்லை. இருக்கை தன்னால்தான் கிழிந்தது என்று மேலாளருக்கு எழுதிவிடுவதாகச் சொன்னார்.

"மார்ச்ல கதவு திறக்கட்டும், கிளெனிஸ். ஒரே ஒரு வியாழக்கிழமை நின்னுட்டு எழுதிடறேன்."

அம்மா சரி என்றாள்.

பிப்ரவரியில் முரியல் இறந்தார். மூன்று நாள் கழித்துத்தான் பக்கத்து வீட்டாருக்கே தெரிந்தது. அடக்கத்துக்குப் பாதிரியாரையும் சேர்த்து நாலு பேர். ஒருவர் மேலாளர். பதினாறு வருடத்தில் முரியல் கையால் ஒரு பொருள் சேதமானதில்லை என்று அவர் எங்களிடம் சொன்னார். அம்மா தன் காலணியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நானும் வாய் திறக்கவில்லை; அது இரக்கமா, கோழைத்தனமா என்று இன்னும் எனக்குத் தெரியவில்லை.

அம்மா இப்போது ஒரு முதியோர் இல்லத்தில் தரை துடைக்கிறாள். மேலாளருக்கு அந்தக் கடிதம் போகவே இல்லை.